நெய்க்கறையும் நிலைக்கண்ணாடியும்

நற்றிணையை நாளொன்றுக்கு ஒரு பாடல் என்ற கணக்கில் படித்து, ஞாயிற்றுக்கிழமை மாலையில் யாரேனும் ஒருவர் வீட்டில் கூடி அந்த வாரத்தின் ஏழு பாடல்களையும் பேசுவது நாங்கள் நால்வர் வைத்துக்கொண்ட வழக்கம். நால்வரும் பிள்ளை பெற்றவர்கள். இருவர் அலுவலகம் செல்கிறவர்கள். ஒருவர் பள்ளி ஆசிரியை. ஒருவர் வீட்டோடு இருப்பவர். நானூறு பாடல்களுக்கு ஓராண்டும் ஒரு மாதமும் போதும் என்று தொடங்கியது, காய்ச்சல், தேர்வு, விருந்தாளி என்று இழுத்துக்கொண்டே போய் இரண்டாண்டுகளைத் தின்றுவிட்டது. 380-ஆம் பாடலை எட்டிய அன்று பேச்சு இலக்கியத்தை விட்டு எங்கள் மீதே திரும்பியது.

பாடியவர் கூடலூர்ப் பல்கண்ணனார். மருதத் திணை. பரத்தையர் சேரிக்குப் போய்வந்த தலைவன், வீட்டுக்குள் நுழைய வழி கேட்டுப் பாணனைத் தூது விடுகிறான். பாணனுக்கு வாயில் மறுக்கப்படுகிறது. சொல்லப்படும் காரணம்தான் வியப்பானது. இந்த வீட்டில் உடுத்தியிருக்கும் உடையில் நெய்யும் தாளிப்புப் புகையும் ஏறி அழுக்காகிவிட்டது. பால் சுரக்கும் மார்போடு மகனை அணைத்து அணைத்துத் தோளெல்லாம் பிள்ளை பெற்ற வாடை. ஒளிவீசும் அணி பூண்ட பெண்களின் தெருவில் தேரோடு வலம் வருகிறவனுக்கு நாங்கள் பொருத்தமானவர்கள் அல்லோம். யாழை எடுத்துக்கொண்டு கிளம்பு, பூட்டிய குதிரைகள் நின்று நின்று சலிக்கின்றன என்று பேச்சு முடிகிறது.

பாட்டைப் படித்துக்கொண்டிருந்த தோழி நிறுத்திவிட்டுத் தன் இடது தோளைப் பார்த்தார். குழந்தை கக்கிய பால் அங்கே காய்ந்து வெள்ளைத் திட்டாக நின்றது. இன்னொருவர் முன்றானையை மடியில் இழுத்துச் சுருட்டிக்கொண்டார். அதில் மஞ்சள் கறை. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கவிஞர் ஒருவர் எங்கள் கூடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

இந்தக் கறையைத் தாய்மையின் அணிகலன் என்று போற்றுவோர் உண்டு. மேடைகளில் கேட்டிருக்கிறோம், அன்னையர் தின வாழ்த்து அட்டைகளில் படித்தும் இருக்கிறோம். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. பாடலில் ஒலிப்பது பெருமிதம் மட்டுமன்று, சினமும் உண்டு. அவன் தேரில் புறப்பட்டுப் போய்விட்டான், அடுப்பும் குழந்தையும் இங்கே இருந்தன, உடை மாற்றவும் பொழுதில்லை என்கிற சினம். கறையைப் போற்றுகிறவர்கள் பெரும்பாலும் அதைத் துவைக்காதவர்கள்.

இதோடு குறுந்தொகையின் 167-ஆம் பாடலைச் சேர்த்துப் பார்க்கலாம். கூடலூர் கிழார் பாடியது. புதுமணத் தம்பதியின் வீட்டுக்குப் போய்வந்த செவிலித்தாய், கண்டதை நற்றாயிடம் சொல்கிறாள். கட்டித் தயிரைப் பிசைந்த விரலோடு உடையைத் திருத்திக்கொண்டு, அதைத் துவைக்காமலே உடுத்தி, மை தீட்டிய கண்ணில் தாளிப்புப் புகை ஏற, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. இங்கும் துவைக்காத உடைதான், இங்கும் தாளிப்புப் புகைதான். ஆனால் வீட்டில் மகிழ்ச்சி இருக்கிறது. இரண்டு பாடல்களுக்கும் இடையே மாறியது துணியின் நிறமன்று. இரண்டாமவளைப் பார்க்க ஒருவன் எதிரே அமர்ந்திருந்தான். முதலாமவளின் வாசலில் தூதுவன்தான் நிற்கிறான்.

எங்கள் காலத்துக்கு வருவோம். எங்களில் ஒருவருடைய ஏழு வயது மகளுக்குப் பள்ளியில் குடும்பத்தை வரையச் சொன்னார்கள். அப்பா சட்டையும் கால்சட்டையும் அணிந்து கைப்பையோடு நின்றார். தாத்தா வேட்டியில். அம்மா மட்டும் பூப்போட்ட நைட்டியில், தோளில் துண்டோடு. குழந்தை பொய் வரையவில்லை. அவள் விழித்திருக்கும் பொழுதில் கண்ட அம்மாவை வரைந்திருக்கிறாள். நைட்டியை நாங்கள் பழிக்கவில்லை. வெயில் காலத்தில் அதைப் போல் இதமான உடை வேறில்லை. காலையில் அதை மாற்ற நினைத்து மாலையிலும் அதே உடையில் இருப்பதுதான் உறுத்துகிறது.

மாற்றிக்கொண்டாலும் ஒரு கேள்வி காத்திருக்கும். வீட்டில் இருக்கும் நாளில் தலைவாரி, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று பாருங்கள். "என்னம்மா, எங்கே புறப்பட்டுவிட்டாய்?" என்று அடுத்த வீட்டு மாமி கேட்பார். தாய் ஒருத்தி திருத்தமாக இருக்க வேண்டுமென்றால் அவளுக்கு ஒரு திருமணமோ கோயிலோ அலுவலகமோ தேவைப்படுகிறது. அதற்கு மேல் கொஞ்சம் போனால், இரண்டு பிள்ளை பெற்ற பிறகு என்ன அலங்காரம் வேண்டிக்கிடக்கிறது என்ற பழைய வசை. மறுபக்கம் விளம்பரங்கள்: இந்தக் களிம்பைப் பூசினால் கணவர் உங்களை மீண்டும் திரும்பிப் பார்ப்பார். வசையும் விளம்பரமும் எதிரெதிரே நிற்பதுபோல் தோன்றினாலும் ஓர் இடத்தில் கைகோத்துக்கொள்கின்றன. பெண்ணின் தோற்றம் பிறருக்கானது என்பதில் இரண்டுக்கும் ஐயமே இல்லை.

முற்போக்கான நண்பர்கள் வேறொரு கேள்வி கேட்பார்கள். அலங்காரமே அடிமைத்தளை அன்றோ, பெரியார் கூந்தலையே வெட்டிக்கொள்ளச் சொன்னாரே என்பார்கள். சொன்னார், நகையையும் அலங்காரத்தையும் விட்டொழித்துக் கிராப்பு வெட்டிக்கொள்ளும்படி பலமுறை வலியுறுத்தினார். முழங்கால் வரை தொங்கும் கூந்தலுக்கு எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, உலர்த்திப் பின்னிய எவருக்கும் தெரியும், கூந்தல் என்பது நேரம். எங்களில் ஒருவர் இரண்டாவது குழந்தைக்குப் பிறகு தோள் அளவுக்கு வெட்டிக்கொண்டார். "லட்சணமே போய்விட்டது" என்றார் அத்தை. லட்சணம் போனதோ என்னவோ, வாரத்தில் இரண்டு மணி நேரம் திரும்பி வந்தது. தனக்கு வசதியானபடி தன்னை வைத்துக்கொள்வதும், பிறர் கண்ணுக்காகப் பொம்மையாவதும் வெவ்வேறு.

எனவே சிக்கல் புடவையிலோ பணத்திலோ இல்லை, பொழுதில் இருக்கிறது. நடுவண் அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதை எண்களில் சொல்கிறது. 2019-இல், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் செலவிட்டனர். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்கள். அப்படி ஈடுபட்ட ஆண்களே ஏறக்குறைய நால்வரில் ஒருவர்தான். 2024-இல் பெண்களின் கணக்கு 289 ஆகக் குறைந்தது. மகிழலாம் என்று பார்த்தால், ஆண்களின் கணக்கும் 88 ஆகக் குறைந்துவிட்டது. பெண்களுக்குக் கிடைத்த பத்து நிமிடங்களை ஆண்கள் தாங்கிக்கொள்ளவில்லை என்பது தெளிவு. குழந்தைகளையும் முதியோரையும் பேணும் நேரம் இதில் சேராது. அது தனிக் கணக்கு.

உடலின் கணக்கும் ஒன்று உண்டு. பிள்ளை பெற்ற சில மாதங்களில் சீப்பு நிறைய முடி வரும்போது, தான் தன்னைக் கவனிக்காததால் வந்த வினை என்று நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே அழுதிருக்கிறோம். கருவுற்ற காலத்தில் சுரப்பிகளின் செயலால் உதிராமல் நின்ற முடிதான் பிறகு மொத்தமாக உதிர்கிறது. பெரும்பாலோர்க்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் சீராகிவிடும். அதற்கு மேலும் உதிர்ந்தால் தைராய்டையும் இரும்புச்சத்தையும் பரிசோதிப்பதே முறை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. வெளிறிய முகத்துக்குப் பூச்சு வாங்குமுன் இரத்தப் பரிசோதனைக்குப் போவது நல்லது. எங்களில் ஒருவர் அப்படித்தான் போனார். கண்ணுக்குக் கீழிருந்த கருமை களிம்புக்கு அடங்காமல், மாத்திரைக்கும் உறக்கத்துக்கும் அடங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நாங்கள் செய்தவை எளியவை. பீரோவைத் திறந்து, இளைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று பிள்ளைப்பேற்றுக்கு முன்பிருந்து காத்துக்கிடந்த உடைகளை வெளியே எடுத்தோம். அவை ஒவ்வொரு காலையும் எங்களைக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தன. பிறருக்குப் பயன்படுபவற்றைக் கொடுத்துவிட்டோம். ரவிக்கைகளின் உள்ளே தையற்காரர் இரண்டு மூன்று வரிசைத் தையல் விட்டிருப்பார். ஒரு வரிசையைப் பிரித்ததும் பாதி ரவிக்கைகள் இன்றைய உடலுக்குப் பொருந்தின. உடலை ரவிக்கைக்கு ஏற்பக் குறைக்க ஐந்தாண்டுகள் முயன்றோம். ரவிக்கையைத் தளர்த்தப் பத்து நிமிடங்களே ஆயின. கஞ்சி போட்டுப் பெட்டி போட வேண்டிய புடவைகளை விசேஷங்களுக்கு ஒதுக்கிவிட்டு, அன்றாடத்துக்கு மதுரைச் சுங்குடிகள் இரண்டு மூன்று எடுத்துக்கொண்டோம். துவைக்க எளிது, குழந்தை இழுத்தாலும் அஞ்ச வேண்டியதில்லை, புள்ளிகளுக்கிடையில் சிறு கறை கண்ணில் படாது. சுடிதார் வசதிப்படுபவர்கள் அதையே வைத்துக்கொண்டார்கள். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற முதுமொழியில் கசக்குவதற்கான பொழுதும் அடங்கியிருக்கிறது என்பது இப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே: நாளொன்றுக்கு அரை மணி நேரம், தாழிட்ட கதவு. குளிக்க, தலைவார, நகம் வெட்ட, கண்ணாடியில் தன் முகத்தைத் தானே பார்க்க. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கவும்தான். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. இந்த அரை மணி உறக்கத்திலிருந்து எடுக்கப்படக் கூடாது. காலை ஐந்துக்குப் பதிலாக நாலரைக்கு எழுந்திருங்கள் என்று அறிவுரை சொல்லும் பத்திரிகைகளை நிறையப் படித்துவிட்டோம். அது அந்த 289 நிமிடங்களிலிருந்துதான் வர வேண்டும். அதாவது அந்த அரை மணிக்குரிய வேலையை வீட்டிலுள்ள இன்னொருவர் செய்ய வேண்டும். குழம்பில் உப்புக் கூடும். சட்டைப் பொத்தான் மாறிப் பூட்டப்படும். பள்ளி வண்டி ஒருநாள் தவறும். தவறட்டும். நாங்களும் தவறவிட்டுத்தான் கற்றுக்கொண்டோம்.

வேலைகளைப் பகிர்ந்த வீடுகளில் மனம் நொந்த பேச்சுகளும் நடந்தன என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒருவர் வீட்டில் இது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை; கேட்டுக்கொண்டிருக்கிறார். மற்ற மூவர் வீட்டில் வாரத்தில் நான்கு நாளாவது கதவு தாழிடப்படுகிறது. கதவைத் தட்டுகிறார்கள். "அம்மா, என் பென்சில் பெட்டி எங்கே?" என்று குரல் வருகிறது. பதறி எழுந்து ஓடிய காலம் ஒன்று இருந்தது. இப்போது சீப்பைக் கீழே வைக்காமல், உள்ளிருந்தே பதில் சொல்லப் பழகியிருக்கிறோம்: "அப்பாவைக் கேள்."