கைக்கடிகாரமும் மைல் பலகையும்



சிகாகோவில் பணிபுரியும் நம் பங்கு இளைஞர் ஒருவர், அந்நகர மாரத்தானில் ஓடிவிட்டு மனம் நொந்து எழுதியுள்ளார். வானளாவிய கட்டடங்களின் நடுவே அவரது கைக்கடிகாரம் உள்ளதைவிடக் கூடுதலான வேகம் காட்டிற்றாம். அதை நம்பி ஓட்டத்தைத் தளர்த்தினாராம். ஓராண்டுப் பயிற்சியின் இலக்கு நான்கு நிமிடங்களில் தவறிற்று. முடிவில் கடிகாரம் காட்டியதோ 43 கிலோமீட்டருக்கும் மேல். "பாதையை நீட்டிவிட்டார்கள், சுவாமி" என்பது அவர் முறையீடு.

ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் நான்கின் சைகைகளாவது வந்துசேரும் நேரத்தைக் கொண்டே கடிகாரம் நம் இடத்தைக் கணிக்கிறது. சைகை சுவரில் மோதித் திரும்பி வந்தால் காலம் தாழ்கிறது. இச்சாலையில் ஓடுபவரை அடுத்த தெருவில் ஓடுபவராகக் கடிகாரம் கருதிவிடுகிறது. பாலத்தடியிலோ சைகையே எட்டுவதில்லை.

ஓடுபாதையை அளப்பது மிதிவண்டி! முன்னரே அளவு சரிபார்த்த வண்டியில் சென்று, சக்கரச் சுற்றுகளை எண்ணி அளக்கின்றனர். 42.195 கிலோமீட்டருக்கு அணுவளவும் குறைந்துவிடலாகாதென்று, ஆயிரத்துக்கு ஒரு பங்கு, அதாவது சுமார் 42 மீட்டர், கூட்டியும் வைக்கின்றனர். நீட்டியது அவ்வளவே. மிதிவண்டியிலேயே பங்குகளைச் சுற்றிவந்த எனக்கு இதில் சிறிது பெருமைதான்.

ஆகவே அவருக்கு எழுதினேன்: "கட்டடங்கள் நெருங்குமிடத்தில் கடிகாரம் காட்டும் வேகத்தைப் பாராதீர். மைல் பலகையைக் கடக்குந்தோறும் பொத்தானை நீரே அழுத்தி, சென்ற நேரத்தை மட்டும் பாரும். நேரத்தில் அது பிழைபடாது."

வரும் அக்டோபரில் மீண்டும் ஓடுவாராம். அன்று பூசையில் நினைத்துக்கொள்ளுமாறு கேட்டிருக்கிறார்.