துப்பாக்கிக்குத் தகுந்த கோல்

பயிர்ப் பாதுகாப்புக்காக, குழல்வாய் வழியே மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் பெற 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இடமளிக்கிறது. உரிமம் பெற்ற விவசாயிகள் சிலர் துடைக்கும் கோலுக்கு மட்டும் செலவிடத் தயங்குகின்றனர். கிடைத்த இரும்புக் கம்பியே போதும் என்பது தவறான சிக்கனம்.

கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுக்கும். சுட்ட அன்றே சோப்பு கலந்த வெந்நீரால் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசாவிட்டால் துரு ஏறும். துரு அரித்த குழல் சுடுபவருக்கே ஆபத்து. முரட்டுக் கம்பியோ குழல்வாயைத் தேய்த்துவிடும். எனவே குழலைவிட நீளமான, வளையாத, ஒரே துண்டாலான பித்தளைக் கோலே சிறந்தது. துணி சுற்றும் முனையும், குழலின் அளவுக்கேற்ற பித்தளைத் தூரிகையும் பொருத்த நுனியில் மரை இருக்க வேண்டும்.

கோலின் பெரும்பயன் வேறொன்று. காலிக் குழலின் அடிவரை கோலை விட்டு, வாய் மட்டத்தில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். துடைக்குமுன் கேப்பை நீக்கி, முகத்தைக் குழல்வாய்க்கு நேரே கொண்டுபோகாமல் கோலை விட்டுப் பார்க்க வேண்டும். கோடு வெளியே நின்றால் உள்ளே மருந்து இருக்கக்கூடும், துடைக்கக் கூடாது. 'காலிதான்' என்ற நினைப்பே விபத்துக்கு வித்து. துப்பாக்கி வாங்கும் அன்றே நல்ல கோலையும் வாங்குவதே விவசாயப் பெருமக்களுக்கு நலம்.