வரையுமுன் கேளுங்கள், கேட்டால் பேசுங்கள்

 

சென்னை துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகரை நம்மில் பலர் அறிவோம். நகரின் நடுவிலும் ஆற்றங்கரைகளிலும் வாழ்ந்த ஏழை மக்களை அகற்றி, 2000ஆம் ஆண்டையொட்டி அரசு குடியமர்த்திய அடுக்குமாடிப் பகுதி அது. 2020இல் அதன் வெளிச்சுவர்களில் பெரும் ஓவியங்கள் தீட்டப்பட்டன. அவற்றின் படங்கள் எங்கும் பரவின. நம் குடியிருப்புக்கும் அப்படியொன்று வேண்டும் என்ற ஆசை பிற இடங்களிலும் எழுந்தது.

நம் மஹல்லாவை ஒட்டிய அரசுக் குடியிருப்புக்கும் அது வந்தது. ஒரு காலையில் சாரம் எழுந்தது. ஒரு வாரத்திற்குள் நான்கு மாடி உயரத்தில் ஒரு பெண்ணின் முகம் நின்றது. இரண்டாம் மாடியில் வசிக்கும் மூதாட்டி ஒருவரின் சமையலறைச் சன்னல் அம்முகத்தின் கண்ணுக்குள் அகப்பட்டுக்கொண்டது. "யாரோ எந்நேரமும் எட்டிப் பார்ப்பது போல் இருக்கிறது, ஹஜ்ரத்" என்றார் அவர். அன்று முதல் அந்தச் சன்னல் திறக்கப்படவில்லை. அடுத்த வீட்டு இந்துச் சகோதரியோ, "படம் அழகுதான், அதற்குப் பின்னால் ஒழுகும் குழாயை யார் பார்ப்பது?" என்று கேட்டார்.

குடியிருப்போரைக் கேட்டார்களா என்று விசாரித்தோம். கேட்டார்களாம்! நியாயவிலைக் கடையில் ஒரு தாள் ஒட்டப்பட்டதாம். கூட்டம் செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு. அந்நேரத்தில் கூலி வேலைக்குப் போனவர் எப்படி வருவார்? வந்த சிலர் முன்னிலையில், ஏற்கெனவே முடிவான படத்தை விரித்து, பின்னணி நீலமா பச்சையா என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். இதற்குப் பெயர் கலந்தாலோசனை அன்று. கையொப்பம் வாங்கும் சடங்கு.

ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். செல்வந்தர் வாழும் அடுக்குமாடியின் சுவரில் உரிமையாளர் சங்கத்தின் தீர்மானமின்றி ஒரு கோடேனும் இழுக்க எவரேனும் துணிவாரா? ஏழையின் சுவர் மட்டும் ஏன் எவருக்கும் திறந்த பலகையாகிறது? மானிய விலையில் வீடு பெற்றவர், அச்சுவரின் மீதான சொல்லுரிமையையும் சேர்த்து விற்றுவிடவில்லை. ஓவியர் ஒரு மாதத்தில் ஊர் திரும்பிவிடுவார். அந்தப் படத்தின் கீழ் பிள்ளை வளர்ப்பவரும் முதுமையடைபவரும் அங்கே வசிப்போரே.

கலந்தாலோசனை நமக்கு இரவல் வாங்கிய கருத்தன்று. திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயம் 'அஷ்ஷூரா' என்றே பெயர் பெற்றுள்ளது. உஹதுப் போருக்கு முன் மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்ள விரும்பிய நபிகளார் (ஸல்), வெளியே செல்ல விரும்பிய தோழர்களின் கருத்தை ஏற்றார்கள். அப்போரில் பேரிழப்பு நேர்ந்தது. ஆயினும் அதன் பின்னணியில் அருளப்பட்ட ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனம், அவர்களை மன்னித்து, அவர்களிடம் ஆலோசனை கேட்குமாறே பணித்தது. கருத்துக் கேட்டதால் காலதாமதமாகும், குழப்பம் வரும் என்று சாக்குச் சொல்வோர் இதைக் கவனிக்கட்டும்.

இனி நம் பக்கம் திரும்புவோம். சுவரில் முகம் முழுமையடைந்த பின், ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் எத்தனை கோபக்குரல்கள்! "ஹராம், அழித்தாக வேண்டும்" என்றோம். அந்தத் தாள் ஒட்டப்பட்டிருந்த நாள்களில் நாம் எங்கிருந்தோம்? நேரம் பொருந்தவில்லை என்று ஒரு மனு கொடுத்தோமா? ஜமாஅத்தின் சார்பில் ஒருவரையேனும் அனுப்பினோமா? இல்லை. பேச வேண்டிய நேரத்தில் ஒதுங்கியிருந்துவிட்டு, வண்ணம் உலர்ந்தபின் கூச்சலிடுவது மார்க்கப் பற்றாகாது. அது சோம்பலுக்குப் போர்த்திய போர்வை.

உயிரினங்களின் உருவம் வரைவது குறித்து அறிஞர்களிடையே நுணுக்கமான கருத்து வேறுபாடுகள் உண்டு. எனினும் தம் இல்லச் சுவரில் பேருருவம் நிற்பதை நம்மில் பெரும்பாலோர் விரும்புவதில்லை. அதைக் கண்ணியமாகச் சொல்ல நமக்கு உரிமையுண்டு. அதே வேளையில் அந்தச் சுவர் நமக்கு மட்டும் உரியதன்று. அண்டை வீட்டாருக்கும் விருப்பங்கள் உண்டு. "வேண்டாம்" என்பதோடு நின்றுவிடாமல், "இது எல்லோருக்கும் பொருந்தும்" என்று ஒன்றை எடுத்துச் செல்வதே நம் கடமை.

எடுத்துச் செல்ல நம்மிடம் என்ன குறை? கீழக்கரையின் பழைய ஜும்ஆ பள்ளிவாசலைப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கற்றச்சு மரபிலேயே அமைந்த தூண்களில் கொடியும் பூவுமாக வேலைப்பாடு. உயிரினத்தின் உருவம் இல்லை. மதரஸா மாணவனிடம் ஒரு கவராயத்தைக் கொடுங்கள். ஒரு வட்டம் வரைந்து, அதே அளவால் அதன் விளிம்பில் ஆறு புள்ளிகள் குறித்தால், அறுமுனை நட்சத்திரமும் அதிலிருந்து முடிவில்லாத பின்னலும் பிறக்கும். அடுத்த வீட்டு வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடும் சகோதரிக்கு அந்தக் கணக்கு அந்நியமா? இருவரும் ஒரே தாளில் குனிந்தால் அந்தச் சுவர் இருவருடையதும் ஆகும்.

இது கற்பனையன்று. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் எஸ்ட்ராடா கோர்ட்ஸ் என்னும் அரசுக் குடியிருப்பில் 1970களில் அங்கு வசித்த மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களே தூரிகை ஏந்தினர். 1984இல் சுவர்க் கிறுக்கல்களைத் தடுக்கும் முயற்சியாகப் பிலடெல்பியாவில் தொடங்கிய சுவரோவியத் திட்டத்தில், வடிவம் முடிவாகுமுன் குடியிருப்போர் கூட்டம் நடத்துவது வழக்கம். படத்தைப் பகுதிகளாகப் பிரித்து மெல்லிய துணியில் பலர் கூடித் தீட்டி, பின்னர் சுவரில் ஒட்டும் முறையும் அங்குண்டு. சாரம் ஏற முடியாத முதியவரும் சிறுவரும் அதில் பங்கேற்க முடிகிறது.

ஆகவே அதிகாரிகளிடமும் ஓவியர்களிடமும் நாம் வேண்டுவது இவையே. முதல் கோடு வரையுமுன் கூட்டம் கூட்டுங்கள். வேலை முடிந்த மாலையில் கூட்டுங்கள். பெண்களின் கருத்தைத் தனியே கேளுங்கள். வரைவுகளை இரு வாரமேனும் நியாயவிலைக் கடையிலும் வழிபாட்டுத் தலங்களிலும் வையுங்கள். தன் சன்னல் படத்திற்குள் வரும் வீட்டார் மறுத்தால் அந்த மறுப்பை மதியுங்கள். ஒழுகும் குழாயை முதலில் அடையுங்கள். ஈரச்சுவரில் எவ்வண்ணமும் தங்காது. அவ்விடத்து இளைஞருக்குக் கூலி கொடுத்து வேலை கொடுங்கள்.

நம் ஜமாஅத்துகளிடம் வேண்டுவது ஒன்றே: அழைப்பு வரும்போது செல்லுங்கள். வராவிட்டால் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். நம் மஹல்லாவில் இன்னும் மூன்று சுவர்கள் வெறுமையாகவே உள்ளன. அவற்றைப் பற்றிப் பேச வரும் ஞாயிறு அஸருக்குப் பின், அண்டை வீட்டாரையும் அழைத்துக்கொண்டு, குடியிருப்பின் முற்றத்தில் கூடுவோம். அந்த மூதாட்டியின் சன்னல் மீண்டும் திறக்க வழி காண்பதே அங்கு முதல் பேச்சாக இருக்கட்டும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லதைப் பேசவும், பிறர் பேசுவதைக் கேட்கவும் அருள்புரிவானாக. ஆமீன்.