ஸ்கூட்டரில் நாலு பேர்... மூன்றாவது சக்கரம் எங்கே?

சைடு கார் போச்சு, நானோவும் போச்சு, மிச்சம் ஆட்டோதான்!

சென்னை. காலை மணி எட்டரை. சைதாப்பேட்டை பக்கம் ஒரு சிக்னல். சிவப்பு விளக்கு.

ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கிறது. ஓட்டுகிறவர் அப்பா. அவருக்கு முன்னால் நின்றபடி ஒரு பையன். பின்னால் அம்மா. இருவருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு ஒரு பெண் குழந்தை. அம்மாவின் தோளில் இரண்டு புத்தகப் பை. ஹெல்மெட்? ஒன்றே ஒன்று. அதுவும் அப்பா தலையில்!

"போலீஸ் நிக்கிறாரா, பாரு" என்பதுதான் அங்கே நடக்கும் பேச்சு. "லாரி வருதா, பாரு" என்று யாரும் சொல்வதில்லை.

இது ஒரு நாள் காட்சி அல்ல. பள்ளிக்கூடம் திறந்திருக்கும் எல்லா நாளும் இதுதான். அந்த ஸ்கூட்டரில் போவது வேறு யாரும் இல்லை. நீங்களும் நானும்தான்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-வது பிரிவு, இரண்டு சக்கர வண்டியில் ஓட்டுகிறவரோடு இன்னும் ஒரே ஒருவர்தான் போகலாம் என்கிறது. மீறினால் 2019-ல் வந்த திருத்தப்படி ஆயிரம் ரூபாய் அபராதம். லைசென்சும் மூன்று மாதம் முடங்கும். நாலு வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

நாலு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை என்றால் 2023 பிப்ரவரி முதல் இன்னொரு விதி. குழந்தையை ஓட்டுகிறவரோடு சேர்த்துப் பூட்டும் பாதுகாப்பு வார் வேண்டும். வேகம் 40 கிலோ மீட்டரைத் தாண்டக்கூடாது.

சட்டம் சரி. குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நாலு பேர் குடும்பம் எப்படிப் போவது? கார் வாங்கப் பணம் இல்லை. கடனில் வாங்கினாலும் சந்துக்குள் நிறுத்த இடம் இல்லை.

"ஸ்கூட்டருக்கு இன்னும் ஒரு சக்கரம் இருந்தா எப்படி இருக்கும்?" என்று தோன்றுகிறதா? இந்த யோசனை புதிது அல்ல. ஒரு காலத்தில் ஊரெல்லாம் ஓடியது. அதன் பெயர் சைடு கார்.

ராஜா மாதிரி போனாங்க!

ஐம்பது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். முகம் மலரும். லாம்ப்ரெட்டா, வெஸ்பா, 1972-ல் வந்த பஜாஜ் சேத்தக்... இவற்றின் இடது பக்கத்தில் ஒரு இரும்புச் சட்டம், ஒரு சின்னச் சக்கரம், அதன் மேல் படகு மாதிரி ஒரு பெட்டி. அம்மா அதில் சாய்ந்து உட்காருவார். மடியில் கைக்குழந்தை. காலடியில் காய்கறிப் பை. பெரிய பையன் அப்பாவுக்குப் பின்னால்.

புடவை சக்கரத்தில் சிக்கும் என்ற பயம் இல்லை. சிக்னலில் காலை ஊன்ற வேண்டாம். மழைச் சேற்றில் சட்டென்று வழுக்கி விழாது. புல்லட் மோட்டார் சைக்கிளில் மாட்டினால் கேட்கவே வேண்டாம், தனி மிடுக்கு. 1975-ல் வந்த 'ஷோலே' படத்தில் தர்மேந்திராவும் அமிதாப் பச்சனும் சைடு கார் வைத்த மோட்டார் சைக்கிளில் பாடிக்கொண்டே போனார்கள். அதைப் பார்த்துவிட்டு ஆசைப்படாத இளைஞர் உண்டா?

இவ்வளவு நல்ல சாமான் ஏன் காணாமல் போச்சு?

ஓட்டிப் பார்த்தால் தெரியும்!

ஆசை வேறு, ஓட்டுவது வேறு. இரண்டு சக்கர வண்டி வளைவில் சாய்ந்து திரும்பும். சைடு கார் மாட்டினால் சாயாது. ஹேண்டில்பாரை கை பலத்தால் இழுத்துத் திருப்ப வேண்டும்.

ஆக்சிலேட்டரை முறுக்கினால் வண்டி இடது பக்கம் இழுக்கும். காரணம், எஞ்சின் தள்ளுவது ஸ்கூட்டரின் பின் சக்கரத்தை. பக்கத்துப் பெட்டி பின்தங்குகிறது. பிரேக் பிடித்தால் வலது பக்கம் இழுக்கும். ஸ்கூட்டர் நிற்கப் பார்க்கிறது. பிரேக் இல்லாத பெட்டிச் சக்கரமோ முன்னே ஓடப் பார்க்கிறது!

பெட்டி காலியாக இருக்கும்போது இடது பக்கம் வேகமாகத் திரும்பினால், பெட்டிச் சக்கரம் தரையை விட்டே எழும்பும். வீட்டுக்காரியை இறக்கிவிட்டு ஆபீசுக்குத் தனியாகத் திரும்பும்போதுதான் இந்த ஆபத்து.

அடுத்தது இடம். வெறும் ஸ்கூட்டர் இரண்டு பஸ்ஸுக்கு நடுவே நுழைந்து போய்விடும். வீட்டு வராந்தாவில் ஏறி நிற்கும். சைடு கார் வைத்தால் இரண்டும் நடக்காது. காரின் அகலத்தில் பாதிக்கு மேல் அடைக்கும். ஆனால் காரின் கூரை கிடையாது, கதவு கிடையாது. உள்ளே உட்கார்ந்தவரின் முகம் பஸ் டயர் உயரத்தில் இருக்கும். புகையும் புழுதியும் அவருக்குத்தான்.

காரின் இடைஞ்சல் உண்டு. காரின் சுகம் இல்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும், கொஞ்சம் காசு சேர்த்தவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். சேர்க்க முடியாதவர்கள் சைடு காரைக் கழற்றிவிட்டு, நாலு பேராக ஸ்கூட்டரில் ஏறினார்கள். அன்று ஏறியவர்கள் இன்றும் இறங்கவில்லை!

ஒரு லட்சம் ரூபாய் கார்

இந்த நாலு பேர் ஸ்கூட்டர்தான் ஒரு பெரிய தொழிலதிபரையும் யோசிக்க வைத்தது. மழையில் நனைந்தபடி ஸ்கூட்டரில் போன ஒரு குடும்பத்தைப் பார்த்துத்தான் நானோ காரின் யோசனை வந்தது என்று ரத்தன் டாடா சொன்னார். 2008 ஜனவரியில் டில்லியில் அந்தக் காரைக் காட்டினார்கள். விலை ஒரு லட்சம் ரூபாய் என்றதும் உலகமே திரும்பிப் பார்த்தது.

அப்புறம்? பத்து வருஷத்தில் கதை முடிந்தது. 2018-ல் தயாரிப்பு நின்றது. "ஏழைக்குக் கார்" என்று பெயர் வாங்கியதை ஏழையும் விரும்பவில்லை, நடுத்தரக் குடும்பமும் விரும்பவில்லை.

சரி, சைடு காரையே திரும்பக் கொண்டு வந்தால்? இன்றும் உலகில் செய்கிறார்கள். ரஷ்யாவின் ஊரால் கம்பெனிக்கு அதுதான் தொழில். 2022-ல் வண்டியை முடுக்கிச் சேர்க்கும் வேலையை கஜகஸ்தானுக்கு மாற்றினார்கள். ஆனால் அதன் விலைக்கு இங்கே ஒரு நல்ல காரே வாங்கிவிடலாம். அது பணக்காரரின் பொழுதுபோக்கு. குமாஸ்தாவின் வாகனம் அல்ல.

மெக்கானிக்கிடம் சொல்லி நாமே மாட்டிக்கொள்ளலாமா? கழற்றி மாட்டும் சைடு காரும் 'மோட்டார் சைக்கிள்' என்ற சொல்லில் அடங்கும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் 52-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை இஷ்டப்படி மாற்றக்கூடாது. பட்டறையில் மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தால் வம்பு நிச்சயம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் தகராறு வேறு.

ஒரே ஒரு இடத்தில் இந்தக் கூடுதல் சக்கரம் உண்மையாகப் பயன்படுகிறது. மாற்றுத் திறனாளிகளுக்கு அரசு இலவசமாகத் தரும், இரண்டு பக்கமும் இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். கால் ஊன்ற முடியாதவருக்கு அதுவே கால். லாட்டரிச் சீட்டு மாதிரி கிடைத்த சொகுசு அல்ல. வேலைக்குப் போய் வர வழி.

ஸ்கூட்டருக்குப் பிறந்த பிள்ளை

மூன்றாவது சக்கரத்தைத் தேடி எங்கெங்கோ போகிறோம். அது மூலைக்கு மூலை ஸ்டாண்டு போட்டு நிற்கிறது. ஆட்டோ!

ஆட்டோவும் ஸ்கூட்டரின் பிள்ளைதான். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். இத்தாலியில் லாரி வாங்க வியாபாரிகளிடம் பணம் இல்லை. பியாஜியோ கம்பெனி தன் வெஸ்பா ஸ்கூட்டருக்குப் பின்னால் இரண்டு சக்கரம் வைத்து 1948-ல் ஒரு சரக்கு வண்டி செய்தது. வெஸ்பா என்றால் இத்தாலிய மொழியில் குளவி. புது வண்டிக்கு ஆப்பே என்று பெயர் வைத்தார்கள். தேனீ என்று பொருள். குளவி கொட்டும், தேனீ உழைக்கும்! 1960-களில் அதே பியாஜியோவின் உரிமத்தோடு பஜாஜ் இங்கே வண்டி செய்தது. தமிழ்நாட்டில் 1973-ல் கை ரிக்ஷா ஒழிந்தது. ஆட்டோவின் காலம் தொடங்கியது.

சைடு காரில் இல்லாதது இதில் என்ன இருக்கிறது? எடை இரண்டு பக்கமும் சமம். பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்காது. ஆட்கள் பின் சக்கரங்களுக்கு நடுவே உட்காருகிறார்கள். தலைக்கு மேல் கூரை. ரிவர்ஸ் கியர் உண்டு. சின்னச் சந்தில் கூட ஒரே வெட்டில் திரும்பும்.

ஆட்டோ கவிழாதா? கவிழும். முன்னால் ஒரே சக்கரம் என்பதால், வேகமாகத் திரும்பிக்கொண்டே பிரேக் போட்டால் முன் மூலையில் சாயும். டிரைவரின் இரண்டு பக்கமும் ஆளை ஏற்றுகிறார்களே, அதில்தான் பெரிய ஆபத்து. எடை ஒற்றைச் சக்கரத்தின் பக்கம் போகப் போக வண்டியின் பிடிமானம் குறையும். "அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்க" என்றால் இறங்கி அடுத்த வண்டிக்கு நில்லுங்கள்.

கடைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூட்டை ஏற்ற மீன்பாடி வண்டி, லோடு ஆட்டோ, அதற்கு மேல் போனால் குட்டியானை. பழைய எஞ்சினைப் பூட்டி ஓட்டும் மீன்பாடிக்குப் பதிவும் இல்லை, இன்சூரன்சும் இல்லை. மோதினால் அடிபட்டவனுக்கு ஒரு பைசா கிடைக்காது. லோடு ஆட்டோவுக்கு நாலு காசு கூடக் கொடுத்தாலும் அது நியாயமான செலவு.

தகராறு 44 ரூபாயில்!

இவ்வளவு நல்ல வண்டி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது ஏன் நாலு பேராக ஸ்கூட்டரில் தொங்குகிறோம்? ஒரே காரணம், கட்டணம்.

2013 ஆகஸ்டில் அரசு சென்னைக்கு மீட்டர் கட்டணம் நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோ மீட்டருக்கு 25 ரூபாய். அதற்கு மேல் கிலோ மீட்டருக்கு 12 ரூபாய். கணக்குப் போடுங்கள். 5 கிலோ மீட்டருக்கு 63 ரூபாய் 40 காசு.

அதற்குப் பின் பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் கட்டணம் அசையவில்லை. பெட்ரோல் சும்மா இருந்ததா? 2013-ல் எழுபதுகளில் இருந்தது 2021-ல் நூறைத் தாண்டியது. டயர், ஸ்பேர் பார்ட்ஸ், வீட்டு வாடகை எல்லாம் ஏறியது. மீட்டர் மட்டும் தூங்கியது. தூங்கும் மீட்டரை யார் போடுவார்? "மேலே போட்டுக் குடு சார்" என்ற பேரம் பிறந்தது இப்படித்தான்.

2025 பிப்ரவரியில் ஆட்டோ சங்கங்கள் தாங்களே ஒரு கட்டணம் அறிவித்தன. முதல் 1.8 கிலோ மீட்டருக்கு 50 ரூபாய். அடுத்த ஒவ்வொரு கிலோ மீட்டருக்கும் 18 ரூபாய். அது அரசு ஆணை அல்ல. அந்தக் கணக்கில் அதே 5 கிலோ மீட்டருக்கு 107 ரூபாய் 60 காசு. வித்தியாசம் 44 ரூபாய் 20 காசு.

இந்த 44 ரூபாய்க்குத்தான் தெருவில் சண்டை. டிரைவர் கேட்பதும் பொய் இல்லை, பயணி தயங்குவதும் தப்பு இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நியாயம் சொல்ல வேண்டியவர் பத்து வருஷம் வாய் திறக்காததுதான் தப்பு. நடுவர் இல்லாத இடத்தில் செல்போன் செயலிகள் வந்து உட்கார்ந்துகொண்டன. மழை பெய்தால் ஒரு விலை, வெயில் அடித்தால் ஒரு விலை!

என்ன செய்யலாம்?

பெட்ரோல், சி.என்.ஜி. விலையோடு சேர்த்து வருஷத்துக்கு ஒரு தடவை மீட்டர் கட்டணத்தை மாற்ற வேண்டும். ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய அடியாக அடித்தால் பயணி ஓடிவிடுவான். மீட்டர் நியாயமாக இருந்தால், போடாத டிரைவரைப் பிடித்து அபராதம் போட போலீசாருக்கும் முகம் இருக்கும்.

வண்டியும் மாறிக்கொண்டிருக்கிறது. மின்சார மூன்று சக்கர வண்டி விற்பனையில் 2023-ல் இந்தியா சீனாவை முந்தி உலகில் முதல் இடத்துக்கு வந்தது. பெட்ரோல் செலவு இல்லாத வண்டி கூடக் கூட கட்டணத்தையும் அடக்கலாம். பெண்கள் ஓட்டும் பிங்க் ஆட்டோவையும் 2025 மார்ச் 8-ந் தேதி சென்னையில் தொடங்கி வைத்தார்கள். பள்ளிக்கூட வாசலில் இந்த வண்டிகளுக்கு ஒரு ஸ்டாண்டு கொடுத்தால் அம்மாக்கள் நம்பி ஏறுவார்கள்.

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்கலாமா? கூடாது. அப்பா ஒரு குழந்தையோடு ஸ்கூட்டரில் போகட்டும், இரண்டு தலையிலும் ஹெல்மெட்டோடு. அம்மா இன்னொரு குழந்தையோடு பஸ்ஸில் போகட்டும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட் இல்லை. ஒரே தெருவில் மூன்று வீடு சேர்ந்தால் மாத வாடகைக்கு ஒரு ஆட்டோ பேசலாம். பத்து நிமிஷம் முன்னால் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான்.

சிக்னலில் பச்சை விளக்கு விழுகிறது. நாலு பேர் ஸ்கூட்டர் ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்புகிறது. அதன் பக்கத்திலேயே ஒரு ஆட்டோ. டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பார்க்கிறார். பின் சீட்டு காலி.

அந்தக் காலி சீட்டுக்கும் அந்தக் குழந்தைக்கும் நடுவே இருப்பது 44 ரூபாய். அதைத் தீர்த்து வைக்க வேண்டியது யார் பொறுப்பு?