பழைய ஜீப்பும் வியாபாரியின் முதலும்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை எகிறியது. இறக்குமதி திறந்த பின்னரும், வரிச்சுமை காரணமாகப் புதிய ஃபோர் வீல் வாகனம் சிறு வியாபாரிக்கு எட்டாக்கனிதான். ஆகவே கல்முனை முதல் தம்பிலுவில் வரை நமது வர்த்தகர்கள் பழைய பஜிரோ, லேண்ட் ரோவர், ஹைலக்ஸ் டபுள் கெப் என்று தேடுவதில் வியப்பில்லை. ஆனால் வாங்கப்போவது தொழிலுக்கா, பெருமைக்கா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

மாரி காலத்தில் சாகாமம் பக்க வயல் பாதைகளுக்கு அடிக்கடி உரமும் விதைநெல்லும் கொண்டு செல்பவருக்கு இவ்வாகனம் உழைத்துத் தரும். வருடத்தில் சில நாட்களே சேற்றில் இறங்குபவருக்கு உழவு இயந்திரத்தை வாடகைக்குப் பிடிப்பதே இலாபம். கடையில் புரள வேண்டிய பணத்தை முற்றத்தில் நிறுத்தி வைப்பது வியாபாரமல்ல.

வாங்குவதாயின், பெயின்டின் பளபளப்பில் மயங்காதீர்கள். நமது கரையோரத்தின் உப்புக்காற்று செசியைத்தான் முதலில் தின்னும். வாகனத்தை உயர்த்தி, சுத்தியலால் தட்டிப் பார்த்துக் கறளைக் கண்டறியுங்கள். மணலில் இறக்கி ஃபோர் வீலையும் லோ கியரையும் போட்டு ஓட்டிப் பாருங்கள். என்ஜின், செசி இலக்கங்கள் பதிவுப் புத்தகத்துடன் ஒத்துப்போகின்றனவா, அதில் லீசிங் கம்பனியின் பெயர் உள்ளதா என்பதையும் கவனியுங்கள். என்ஜின் மாற்றப்பட்டு அது பதிவு செய்யப்படாதிருந்தால், பின்னர் விற்கும்போது வில்லங்கம் உங்கள் தலையில்தான் விழும்.

வாங்கியவுடன் பெரிய டயர் போடுவது பலரின் வழக்கம். பெரிய டயரால் இழுவை குறையும், டீசல் கூடும், வேகமானியும் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். பிரேக், ஸ்டியரிங், கூலிங், பிறகு கறள் தடுப்பு என்பதே செலவுக்குரிய சரியான வரிசை. அலங்காரம் கடைசியில் வரட்டும்.

விலை பேசும்போது திருத்த வேலைக்கான தொகையையும் சேர்த்தே கணக்கிடுங்கள். கைமுதல் முழுவதையும் வாகனத்துக்குக் கொடுத்துவிட்டு, கராஜ் செலவுக்குக் கடன் கேட்டு அலைபவருக்கு அந்த ஜீப் ஒருபோதும் உழைத்துக் கொடுக்காது.