நித்தியகல்யாணியைப் பயிர் செய்யலாம், கஷாயம் குடிக்கலாகாது

முட்டுக்காடு முதல் மாமல்லபுரம் வரை கடலோர மணலில், சவுக்குத் தோப்பு ஓரத்திலும் வீட்டு வாசலிலும் நித்தியகல்யாணி தானாகவே முளைத்துப் பூக்கிறது. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். ஆடு மாடு இதில் வாய் வைப்பதில்லை. ஆனால் இதன் இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தால் பெண்களுக்கு மார்பில் வரும் கட்டி கரையும் என்று சொல்வோர் உண்டு.

இப்பேச்சில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. நீரிழிவுக்கு இச்செடி உதவுமா என்று கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்னும் விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். இலைச்சாறு செலுத்திய எலிகளின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அதைத் தொடர்ந்து 1958இல் வின்பிளாஸ்டின் என்ற மருந்து கண்டறியப்பட்டது. இவ்வகைப் பொருளை மாற்றியமைத்துச் செய்யும் வினோரெல்பின், முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு இன்று தரப்படுகிறது.

மருந்துக்கு உள்ள சான்று இலைக்குச் சான்று ஆகாது. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறக்குறைய 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். ஒரு பிடி இலையில் என்ன கிடைக்கும்? அதோடு வேறு பல காரப் பொருள்களும் கஷாயத்தில் இறங்கும். மருத்துவர் இரத்தத்தைச் சோதித்து, வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்த்தே மருந்தின் அளவை முடிவு செய்கிறார். கஷாயத்துக்கு அந்த அளவு ஏது? பொடியாக்கிப் புட்டியில் அடைத்து விற்றாலும் கதை இதுவே.

இதைவிடப் பெரிய நஷ்டம், கஷாயத்தை நம்பிக் கழியும் மாதங்கள். களையை முளையிலேயே பிடுங்க வேண்டும் என்பது விவசாயிக்குத் தெரியாததல்ல. வலிக்கவில்லை என்று கட்டியை விட்டுவைக்கலாகாது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உடனே காட்ட வேண்டும். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனையும், அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954இல் தொடங்கிய புற்றுநோய் நிலையமும் உள்ளன.

செடியைப் பயிர் செய்வதில் தவறில்லை. நீர் தேங்காத மணற்பாங்கான மானாவாரி நிலத்தில் நன்றாக வரும். இலைக்கும் வேருக்கும் மருந்துத் தொழிலில் தேவை உண்டு. வாங்குபவரோடு விலையை எழுத்தில் பேசி முடித்த பிறகே விதைப்பது நல்லது. விளைந்த இலை மருந்துத் தொழிற்சாலைக்குப் போகட்டும். வீட்டு அடுப்புக்கு வேண்டாம்.