வழங்கல் மாறினும் எழுத்து வழுவலாகாது

தொல்காப்பியம் ஒன்றே, அதற்கு இளம்பூரணர் கண்ட உரை வேறு, சேனாவரையர் கண்ட உரை வேறு. லினக்ஸின் நிலையும் ஏறக்குறைய இத்தகையதே. 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கெர்னல் என்னும் உட்கரு மூலமாக நிற்க, அதனோடு வேண்டிய மென்பொருள்களைத் தொகுத்து நிறுவத்தக்க வடிவில் தருவோர் பலர். அத்தொகுப்பையே வழங்கல் என்கிறோம். 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியனும், அதனை அடியாகக் கொண்டு 2004இல் வெளிவந்த உபுண்டுவும் அத்தகைய வழங்கல்கள். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. உரையை மாற்றிப் படிப்பவர் தம் ஏட்டுக் குறிப்புகளை இழப்பதில்லை. வழங்கலை மாற்றுபவர் கருத்தின்றி மாற்றினால் இழப்பார்.

இது குறித்துக் கல்லூரிகளில் இருவகைப் போக்கைக் காணலாம். ஓடுகின்ற கணினியை ஏன் தொட வேண்டும் என்பர் மூத்தோர். மாதம் ஒரு வழங்கலை நிறுவிப் பார்ப்பர் இளையோர். தம் சொந்தக் கணினியில் மாணவர் அவ்வாறு செய்வதில் தவறில்லை, பழக்கம் பெருகும். துறைக்குரிய கணினி அதற்கான களமன்று. அதேபோழ்து மூத்தோர் கூற்றையும் முழுதும் ஏற்பதற்கில்லை. உபுண்டு 20.04 பதிப்பிற்கான பொது ஆதரவு 2025 மே மாதத்துடன் முடிந்தது. பாதுகாப்புத் திருத்தம் வாராத கணினியை இணையத்தில் இணைத்து வைப்பது தாழ்ப்பாள் இல்லாத நூலகத்தை ஒக்கும். பிந்தைய பதிப்புகளுக்குச் செல்லலாம் எனின், அவை குறைந்தது 4 ஜிபி நினைவகத்தை வேண்டுகின்றன. பழைய கணினிகள் பல அதற்கு ஆற்றா. அந்நிலையில் எக்ஸ்எஃப்சிஇ என்னும் எளிய மேசைத்தளத்துடன் டெபியனுக்கு மாறுவதே தக்கது என்பது என் கருத்து. முதன்முறை மாறுவோர்க்கு இது தாயில்லம் செல்வது போன்றது. மென்பொருள் நிறுவும் ஆணைகள் பெரும்பாலும் ஒன்றே.

சிறு இடர்கள் சில நேரும். நிறுவும்போது நிருவாகிக்கெனத் தனிக் கடவுச்சொல் கொடுத்தால், உபுண்டுவில் பழகிய 'சூடோ' ஆணை டெபியனில் மறுக்கப்படும். உபுண்டுவின் அண்மைப் பதிப்புகளில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, 'ஸ்னாப்' என்னும் தனிக் கோப்புறையில் தன் குறிப்புகளை வைக்கிறது. டெபியனின் ஃபயர்ஃபாக்ஸ் அங்கே தேடாது. சேமித்த முகவரிகள் தொலைந்தன என்று பதறுவோர் அக்கோப்புறையைப் பார்த்தாற் போதும்.

இவையெல்லாம் ஒரு பிற்பகலில் தீர்வன. தீராதது எழுத்துச் சிக்கலே. ஒருங்குறியின் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. எனினும் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய கட்டுரைகளும் ஆய்வேடுகளும் தமிழ்த்துறைக் கணினிகளில் இன்றும் உறங்குகின்றன. அக்கோப்புகளுள் இருப்பவை தமிழ் எழுத்துகள் அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களே. எழுத்துரு என்னும் போர்வைதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. அந்த எழுத்துருவைக் கணினியின் பொது அடைவில் நிறுவியிருந்தால், புதிய வழங்கலை நிறுவுங்கால் அது அழிந்துபோம். பயனரின் கோப்புகள் தனிப் பகிர்வில் இருந்து, அப்பகிர்வு காக்கப்பட்டாலும் என்ன பயன்? கோப்பு இருக்கும், தமிழ் இராது.

நம்மைப் போன்ற நிறுவனங்களுக்கு மற்றொரு கவலையும் உண்டு. இசுலாமியத் தமிழிலக்கிய ஆய்வில் தமிழ் வரிக்கு நடுவே அரபுச் சொற்றொடர் வருவது இயல்பு. அரபுத்தமிழோ இன்னும் நுட்பமானது. அரபு நெடுங்கணக்கில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கென ஆக்கிக்கொண்ட எழுத்துகள் அதில் உள. எல்லா அரபு எழுத்துருக்களிலும் அவை இரா. முன்னோர் விட்டுச் சென்ற ஏடுகளைப் பெயர்த்தெழுதி வைத்திருப்பது அமானிதம். அது ஓர் எழுத்துருவின் தயவில் நிற்பது முறையன்று.

ஆதலின் வழங்கலை மாற்றுமுன் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றியாக வேண்டும். மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவற்றை அப்படியே நம்பலாகாது. 'ஔ' என்னும் ஓரெழுத்து, 'ஒ'வும் 'ள'வுமாகப் பிரிந்து நிற்பது அடிக்கடி காணும் பிழை; காலும் ரகரமும் மயங்குவது மற்றொன்று. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தேடும்போதுதான் சொல் கிடைக்காது. இதனைச் சரிபார்ப்பது கணினித்துறையின் வேலையன்று, தமிழ் படித்தவரின் வேலை. இளங்கலை மாணவர்க்குப் பிழை திருத்தும் பயிற்சியாகவே இதனைத் தரலாம்.

பருவத்தேர்வு முடிந்த விடுமுறையில் ஒரே ஒரு கணினியைத் தேர்ந்து, கோப்புகள் அனைத்தையும் வெளிவட்டு ஒன்றில் படியெடுத்துக்கொண்டு தொடங்கலாம். நிறுவுமுன் பென் டிரைவிலிருந்தே டெபியனை இயக்கி, அச்சுப்பொறி இயங்குகிறதா, தமிழ் 99 விசைப்பலகையை அமைக்க முடிகிறதா, தமிழும் அரபும் ஒரே பக்கத்தில் செவ்வனே அமைகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். அரபுத்தமிழ்ப் பக்கம் ஒன்றை அச்சிட்டு, அவ்வெழுத்து அறிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டி, அவர் தடையின்றிப் படித்த பிறகு மற்றக் கணினிகளைத் தொடலாம்.